பழுது பார்ப்பவர்களின் வானம்

2020 அக்டோபரில், சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் இருந்தவர்கள் ஒரு தேயிலைப் பையைப் பிரித்துத் தூளை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். ஓராண்டுக்கும் மேலாக நிலையத்திலிருந்து காற்று கசிந்துகொண்டிருந்தது. எங்கிருந்து என்பது பிடிபடவில்லை. ஒவ்வொரு பகுதியாகக் கதவடைத்து அழுத்தத்தை அளந்து, ஸ்வெஸ்தா என்ற கூடத்தின் பின்கோடியில் உள்ள சின்ன இடைவழிதான் குற்றவாளி என்பதுவரை வந்துவிட்டார்கள். அதற்குள் எந்த இடம்? தூளைத் தூவி, கேமராவை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்கள். எடையே இல்லாத அந்த இடத்தில் தூளை இழுக்க இருந்தது ஒன்றுதான்: வெளியேறுகிற காற்று. துணுக்குகள் போய் அண்டிய இடத்தில் மெல்லிய விரிசல் ஒன்று இருந்தது. அதன்மேல் டேப் ஒட்டினார்கள். கசிவு அதோடு தீர்ந்துவிடவில்லை. பின்னும் சில ஆண்டுகள் அந்த இடைவழியின் கதவைப் பெரும்பாலும் மூடியே வைத்துக் காலம் தள்ளினார்கள்.

விண்வெளி வரலாற்றை நாம் பயணங்களின் வரலாறாகவே படித்து வளர்ந்தோம். யார் முதலில் போனார், எவ்வளவு தூரம் போனார், எந்தக் கொடியை நட்டார். 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவின் தரையில் நடந்தது சுமார் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரம் ஒரு நூற்றாண்டின் படமாகிவிட்டது. 1971இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் இன்னொரு வரலாற்றுக்கு அப்படியொரு படம் கிடையாது. அது போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றியதாக இல்லாமல் தங்கியவர்களைப் பற்றியதாக இருப்பதுதான் காரணம். போய்ச் சேர்வதற்குத் துணிச்சல் வேண்டும். தங்குவதற்கு ஸ்பானர் வேண்டும்.

விண்ணில் தங்கும் கனவு பழையது. எட்வர்ட் எவரெட் ஹேல் என்ற அமெரிக்கர் 1869இல் 'செங்கல் நிலா' என்றொரு கதை எழுதினார். கடலோடிகள் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் செயற்கை நிலா ஒன்றைக் கட்டுகிறார்கள். காற்றில் உரசும் சூட்டைத் தாங்க வேண்டுமென்பதால் செங்கல். அது தவறுதலாக, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே மேலே கிளம்பிவிடுகிறது. போனவர்கள் அங்கேயே பயிர் வைத்து நிம்மதியாக வாழ்கிறார்கள். ஆஸ்திரிய ராணுவத்தில் பொறியாளராக இருந்த ஹெர்மன் பொட்டோச்னிக், 1920களின் இறுதியில் சுழலும் சக்கர வடிவ நிலையத்தை வரைபடங்களோடு விவரித்தார். 1952இல் வெர்னர் ஃபான் பிரௌன் அதே சக்கரத்தை 'காலியர்ஸ்' இதழின் வண்ணப்பக்கங்களுக்குக் கொண்டுவந்தார். அழகான சக்கரங்கள். கட்டுவது எப்படி என்பதில்தான் எல்லோருடைய மூளையும் ஓடியது. கட்டியது பழசாகும், பூசணம் பிடிக்கும், பம்ப் நின்றுபோகும் என்பது கனவில் வருகிற விஷயமா என்ன?

முதல் நிலையமான சோவியத் நாட்டின் சல்யூட்-1, 1971 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்டது. சக்கரமும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஒரு நீண்ட உலோக உருளை. ஜூன் மாதம் டோப்ரவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயேவ் மூவரும் அதில் 3 வாரத்துக்கு மேல் தங்கினார்கள். பட்சாயேவ் தன் 38ஆம் பிறந்தநாளை அங்கே கொண்டாடினார். ஒரு சிறு பெட்டியில் ஆளிச்செடி முளைத்தது. ஒருநாள் புகை வந்து எல்லோரையும் கலங்கடித்தது. ஜூன் 30 அன்று திரும்பும் வழியில், கலத்தின் பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு ஒன்று உரிய நேரத்துக்கு முன்பே திறந்துகொண்டது. மூவருக்கும் இடம் போதாது என்று அழுத்த உடைகள் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கலம் ஒழுங்காகத் தரையிறங்கியது. மீட்கப் போனவர்கள் கதவைத் திறந்தபோது மூவரும் இறந்திருந்தார்கள். தங்கும் வரலாறு ஒரு வால்வில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ஸ்கைலாப் கிளம்பும்போதே உடைந்துபோனது. 1973 மே 14 அன்று ஏவிய சற்று நேரத்தில், விண்கற்களிலிருந்தும் வெயிலிலிருந்தும் காக்க வேண்டிய மேலுறை பிய்ந்து போயிற்று. அது ஒரு சூரியத்தகட்டு இறக்கையைக் கூடவே இழுத்துக்கொண்டு போனது. மற்றொன்று உலோகப் பட்டையில் சிக்கி விரியாமல் நின்றது. உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. ஹூஸ்டனில் ஜாக் கின்ஸ்லர் என்பவர் மீன்பிடித் தூண்டில் கழிகளை வைத்து ஒரு குடையின் மாதிரியைச் செய்துகாட்டினார். 11 நாளில் காண்ராட், கெர்வின், வைட்ஸ் மூவரும் அந்தக் குடையோடு மேலே போய், உள்ளிருந்தபடியே ஒரு சிறு திறப்பின் வழியாக அதை வெளியே விரித்தார்கள். வெப்பம் இறங்கியது. ஜூன் 7 அன்று காண்ராடும் கெர்வினும் வெளியே போய், நீண்ட கழியில் கட்டிய வெட்டுக்கருவியால் அந்தப் பட்டையை அறுத்தார்கள். இறக்கை விடுபட்ட வேகத்தில் இருவரும் தூக்கியெறியப்பட்டார்கள். கட்டியிருந்த கயிறு பிடித்துக்கொண்டது. அதன்பின் 28, 59, 84 நாள்கள் என்று மூன்று குழுக்கள் அங்கே வாழ முடிந்தது.

மூன்றாவது குழுவைப் பற்றி விண்வெளியில் நடந்த 'வேலைநிறுத்தம்' என்று ஒரு கதை உண்டு. நடந்தது அதுவல்ல. ஒரு நிமிடமும் ஓய்வில்லாத வேலைப்பட்டியலை கார், கிப்சன், போக் மூவராலும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. 1973 டிசம்பர் இறுதியில் தரைக்கட்டுப்பாட்டோடு மனம்விட்டுப் பேசினார்கள். பட்டியல் தளர்த்தப்பட்டது, வேலையும் நன்றாக நடந்தது. இயந்திரத்தைப் பழுது பார்த்ததைப் போற்றிய உலகம், மனிதர்களின் களைப்பைச் சரிசெய்ததைக் கலகம் என்று பெயரிட்டு நினைவில் வைத்துக்கொண்டது.

ஸ்கைலாபின் முடிவு நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். சூரியனின் கொந்தளிப்பால் மேல்வளிமண்டலம் உப்பி, எதிர்பார்த்ததைவிட வேகமாக நிலையத்தைக் கீழே இழுத்தது. அதை மேலே தள்ளிவிடப் போக வேண்டிய ஷட்டில் விண்கலம் அப்போது தயாராகவில்லை. அதன் முதல் பயணமே 1981இல்தான். 1979 ஜூலையில் எங்கே விழும், யார் தலையில் விழும் என்ற பீதி இந்தியாவெங்கும் பரவியிருந்தது. ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பகுதியிலுமாகச் சிதறியது. குப்பை கொட்டியதற்காக அந்த ஊர் நிர்வாகம் நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கையாகச் செய்ததுதான். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. பராமரிக்க ஆளில்லாத எதுவும் முடிவில் யாரோ ஒருவரின் கொல்லைக்கு வந்து சேர்கிறது.

நிலவுப் போட்டியில் தோற்ற சோவியத் நாடுதான் தங்கும் கலையைக் கற்றுக்கொண்டது. அங்கும் முதலில் ராணுவ மூளை குறுக்கே வந்தது. சல்யூட்-3 என்ற பெயரில் போன உளவு நிலையத்தில் ஒரு பீரங்கியே பொருத்தியிருந்தார்கள். 1975இல் சுட்டும் பார்த்தார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. உண்மையான திருப்பம் 1977இல் வந்த சல்யூட்-6. அதற்கு இரண்டு கதவுகள். ஒன்றில் ஆட்கள் வந்த கலம் நிற்கும்போதே, மற்றதில் ஆளில்லாத புரோக்ரஸ் சரக்குக் கலம் எரிபொருள், உணவு, தண்ணீர், கடிதங்களோடு வந்து நிற்கலாம். 1978 ஜனவரியில் முதல் சரக்கு வந்தது. கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் கொண்டுபோனது தீர்ந்ததும் திரும்பிவிடும் முகாம், பல ஆண்டுகள் இருக்கிற இடமாக மாறியது அந்த இரண்டாவது கதவினால்தான்.

1982இல் ஏவப்பட்ட சல்யூட்-7இல் லெபெதேவும் பெரெசவோயும் 211 நாள்கள் சேர்ந்திருந்தார்கள். லெபெதேவின் நாட்குறிப்பு பின்னர் புத்தகமாக வந்தது. சின்னச் சின்ன எரிச்சல்களும் பேச்சற்ற நாள்களும் செடிகளிடம் காட்டிய பரிவும் நிறைந்த பதிவு அது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா ஒரு வாரம் தங்கியதும் இதே நிலையத்தில்தான். அதே ஆண்டு ஜூலையில் ஸ்வெத்லானா சவித்ஸ்கயா வெளியே வந்து நடந்தார். விண்வெளியில் நடந்த முதல் பெண். இந்த 'முதல்' எல்லோருக்கும் தெரியும். அவர் வெளியே போனது உலோகத்தை வெட்டவும் பற்றவைக்கவும் உதவும் புதுக் கருவியைச் சோதிக்க என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ராகேஷ் சர்மா திரும்பிய 10 மாதத்தில் அந்த நிலையம் செத்துப்போனது. 1985 பிப்ரவரியில் தொடர்பு அறுந்தது, மின்சாரம் நின்றது, உறைந்து இருண்ட 20 டன் உலோகம் தன்போக்கில் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் ஜனிபெக்கோவும் சவினிக்கும் கிளம்பிப் போனார்கள். எந்தச் சைகையும் தராத நிலையத்தைக் கண்ணால் பார்த்துக் கையால் ஓட்டிப்போய் இணைத்தார்கள். உள்ளே சுவர்களில் பனி. குழாய்களில் தண்ணீர் கட்டியாகிக் கிடந்தது. தலையில் கம்பளித் தொப்பியோடு வேலை செய்தார்கள். காற்றாடி ஓடாததால், விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கிக் கரியமில வாயு தலைவலியைக் கொடுத்தது. பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நல்லவற்றைப் பொறுக்கி, கம்பிகளைக் கையால் முறுக்கிச் சூரியத்தகடுகளோடு நேரே இணைத்தார்கள். தாங்கள் வந்த கலத்தின் உந்துபொறிகளால் மொத்த நிலையத்தையும் வெயிலின் பக்கம் திருப்பினார்கள். பேட்டரி ஏறியது. விளக்கு எரிந்தது. பிறகு பனி உருகி எங்கும் ஈரம். கிடைத்த துணியெல்லாம் துடைப்பதற்கே போயிற்று. மனிதன் விண்வெளியில் செய்தவற்றுள் மிகப் பெரியது எது என்று கேட்டால் நான் நிலவைச் சொல்ல மாட்டேன். இந்த ஈரத்துணிகளைச் சொல்வேன்.

1986இல் மீர் வந்தது. துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்ட முதல் நிலையம். அதன் கதையில் இரண்டு ஆட்களைச் சொன்னால் போதும். 1991 மே மாதம் சோவியத் குடிமகனாக மேலே போன செர்கேய் கிரிகலேவ், தன்னை அனுப்பிய நாடே கலைந்துபோனதை மேலேயிருந்து கேள்விப்பட்டார். 1992 மார்ச்சில் இறங்கியபோது 311 நாள்கள் ஆகியிருந்தன. மாற்று ஆள் வரத் தாமதமானபோது அவர் நிலையத்தை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். திரும்பிவர ஒரு கலம் அங்கேயே நின்றது. அவர் தங்கினார். நாடு போனாலும் நிலையத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

இன்னொருவர் மைக்கேல் ஃபோல், 1997இல் மீரில் இருந்த அமெரிக்கர். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆக்சிஜன் தரும் உருளை ஒன்று தீப்பிடித்து நிலையமே புகையால் நிரம்பியிருந்தது. ஜூன் 25 அன்று, கையால் ஓட்டி இணைக்கும் சோதனையில் சரக்குக் கலம் ஒன்று ஸ்பெக்தர் பகுதியில் மோதிக் காற்று வெளியேறத் தொடங்கியது. ஸ்பெக்தரின் கதவை மூட விடாமல் அதன் வழியே மின்கம்பிகள் ஓடின. ரஷ்யரான லசுத்கின் அவற்றைக் கழற்றியும் அறுத்தும் வழியை விடுவிக்க, கதவு அடைபட்டது. மின்சாரம் போய் நிலையம் சுழலத் தொடங்கியதும், ஃபோல் கட்டைவிரலைச் சன்னலருகே நீட்டிப் பிடித்து, அதைத் தாண்டி விண்மீன்கள் நகரும் வேகத்தை வைத்துச் சுழற்சியைக் கணக்கிட்டுத் தரைக்குச் சொன்னார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 மார்ச் 23 அன்று மீர் தென் பசிபிக்கில் இறக்கப்பட்டது.

இப்போதிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையம் இந்த அனுபவம் அத்தனைக்கும் வாரிசு. 1998 நவம்பரில் முதல் பகுதி போனது. 2000 நவம்பர் 2 அன்று மூவர் உள்ளே நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே கிரிகலேவ். அன்றிலிருந்து அது ஒருநாளும் ஆளற்று இருந்ததில்லை. சுமார் 420 டன் எடை, 109 மீட்டர் அகலம், 400 கி.மீ. உயரம், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அந்த உயரத்திலும் கொஞ்சம் காற்று இருக்கிறது. மாதத்துக்குச் சுமார் 2 கி.மீ. அது கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வப்போது உந்திவிட வேண்டும். நிலையம் என்று பெயர் வைத்திருக்கிறோமே ஒழிய, தானாக நிலைத்திருக்கும் குணம் அதற்கு ஒருநாளும் கிடையாது.

2012இல் மின்பகிர்வுப் பெட்டி ஒன்றின் போல்ட் மறைக்குள் உலோகத்துகள் சேர்ந்து இறங்க மறுத்தது. சுனிதா வில்லியம்ஸும் ஜப்பானின் அகிஹிகோ ஹோஷிதேவும் ஒரு பல்துலக்கியைக் கம்போடு கட்டிக் கொண்டுபோய்த் துளையைச் சுத்தம் செய்த பிறகே வேலை முடிந்தது. 2024 ஜூனில் அதே சுனிதாவும் வில்மோரும் ஸ்டார்லைனரில் கிளம்பியபோது, அவர்களுடைய துணிமணிப் பெட்டிகள் கடைசி நேரத்தில் இறக்கப்பட்டன. சிறுநீரைக் குடிநீராக்கும் கருவிக்கு அவசரமாக ஒரு மாற்று பம்ப் போக வேண்டியிருந்தது. சில நாள் வேலையாகப் போனவர்கள் திரும்பியது 286 நாள் கழித்து, 2025 மார்ச்சில். அந்தக் கருவியும் அதன் துணைக் கருவிகளும் சேர்ந்து, 2023இல், உள்ளே இருப்பவர்களின் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் எல்லாவற்றிலிருந்தும் 98 சதவீத நீரை மீட்டெடுக்கும் நிலையை எட்டியிருந்தன.

இத்தனை செலவு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்கா மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கொடுக்கிறது. உலகைப் புரட்டிப்போட்ட கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், விரல் நீட்டிக் காட்ட ஒன்று இல்லை. எடையின்மையில் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் எலும்பு தேய்கிறது, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்தால் அதைப் பெருமளவு குறைக்கலாம் என்பது போன்ற அறிவுதான் சேர்ந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. மின்சாரத்தில் பெரும்பங்கு அமெரிக்கப் பக்கத்திலிருந்து வருகிறது. மேலே தள்ளும் வேலையைப் பெரும்பாலும் ரஷ்யப் பக்கம் செய்துவந்திருக்கிறது. 2022இல் உக்ரைன் போர் மூண்டு, கீழே பல உறவுகள் முறிந்தபோதும் இந்த ஏற்பாடு முறியவில்லை. நட்பினால் என்று சொல்ல முடியாது. பழுது வந்தால் இருவருக்கும் சேர்ந்தே வரும் என்பதால்.

இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சீனா, 2021 ஏப்ரல் முதல் 2022 இறுதிக்குள் தியான்கோங் நிலையத்தைத் தானே கட்டி முடித்துவிட்டது. நாசா சீனாவோடு நேரடியாகக் கூட்டுச்சேர அமெரிக்க நாடாளுமன்றம் 2011இல் போட்ட தடைக்குக் கிடைத்த பதில் என்றே அதைச் சொல்லலாம். இனி அங்கேயும் போல்ட்டுகள் இறுகும், பம்ப்கள் நிற்கும்.

2030க்குப் பிறகு சர்வதேச நிலையத்தை இறக்கப் போகிறார்கள். அதற்கான கலத்தைச் செய்ய 2024 ஜூனில் ஸ்பேஸ்எக்ஸுக்கு அதிகபட்சம் 84.3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் தரப்பட்டது. இன்னும் மேலே தள்ளி அருங்காட்சியகமாக வைக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு வேண்டிய எரிபொருள் அளவுக்கு மீறியது. மேலே போனால் குப்பை மோதும் அபாயமும் கூடும். எனவே தென் பசிபிக்கில், எந்தக் கரையிலிருந்தும் சுமார் 2,700 கி.மீ. தள்ளியிருக்கும் நேமோ முனைப் பகுதியில் விழும்படி செய்வார்கள்.

அடுத்த நிலையங்களைத் தனியார் கட்டுவார்கள், தாங்கள் வாடகைதாரராக இருப்போம் என்பது நாசாவின் திட்டம். ஆக்ஸியம், ஸ்டார்லாப், வாஸ்ட் என்று பெயர்கள் வரிசையில் நிற்கின்றன. வரைபடங்களில் பெரிய சன்னல்கள், மெத்தென்ற சுவர்கள். கட்டித் திறப்பதற்கு முதலீட்டாளர் கிடைப்பார். பதினேழாம் ஆண்டில் விரிசலைத் தேடுவதற்குக் கிடைப்பாரா? லாபக்கணக்கில் பராமரிப்பு எப்போதும் வெட்டப்படும் முதல் இனம். ஸ்கைலாபைக் கீழே விழவைத்தது சூரியன் மட்டுமல்ல, காலத்தில் வராத பணமும் முடிவும்தான் என்பதை இந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இந்தியாவும் இந்த வரிசையில் நிற்கிறது. 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் விண்ணில் இணைந்து, அந்தக் கலை கைவந்த நான்காவது நாடாக இந்தியாவை ஆக்கின. அதே ஆண்டு ஜூன், ஜூலையில் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்தில் தங்கி, வெந்தயமும் பாசிப்பயறும் முளைக்கவைத்துவிட்டு வந்தார். 2028இல் முதல் பகுதி, 2035இல் முழு நிலையம் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. மனிதரை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின், திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதனைகளை முடித்துவிட்டது. மேலே போவதற்கான அறிவு நம்மிடம் சேர்ந்துகொண்டிருக்கிறது. தங்குவதற்கான மனம்?

நிலையத்தில் வேலையைத் தள்ளிவிட ஆள் கிடையாது. போர் விமானியானாலும் முனைவர் பட்டம் பெற்றவரானாலும் சனிக்கிழமை வந்தால் வாக்யூம் கிளீனரோடு தூசி உறிஞ்ச வேண்டும். கழிப்பறை அடைத்தால் கையை விட வேண்டும். ஒவ்வொருவரும் தன் கழிவுக்குத் தானே பொறுப்பு. நாமோ பழுதையும் கழிவையும் பிறப்பைப் பார்த்துச் சிலர் தலையில் கட்டி, அவர்களையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிறுத்திவைத்த சமூகம். சாக்கடைக்குள் ஆளை இறக்குவதற்கு எதிராக 2013இல் சட்டம் வந்த பின்னும் நச்சுவாயுவில் சாவுகள் நிற்கவில்லை. கட்டுபவருக்குக் கல்வெட்டு, திறப்பவருக்கு மாலை, அடைப்பை எடுப்பவருக்குச் சாவு என்ற இந்த வரிசையோடு ஒரு விண்வெளி நிலையத்தை ஒரு மாதம்கூட நடத்த முடியாது.

ஆகவே இந்திய நிலையம் எழும்பும் நாளில் ஏவுதலை நேரலையில் காட்டுவார்கள், கைத்தட்டல் கேட்கும், தலைவர்கள் பேசுவார்கள். அதெல்லாம் நடக்கட்டும். எனக்கு அதிலிருந்து ஒரே ஒரு நேரலைதான் வேண்டும். விமானப்படையின் உயர் அதிகாரி ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, நிலையத்தின் சிறுநீர் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பூட்டுவதை, முக்கால் மணி நேரம், வெட்டாமல், எல்லா மொழி வர்ணனையோடும் தேசம் முழுவதற்கும் காட்ட வேண்டும்.